தட்டில் இணையும் மருந்துகள் உடலிலும் இணையுமா?

பினாங்கில் மருத்துவமனை மருந்தாளுநராகப் பணியாற்றும் தங்கை ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நோயாளி ஒருவரின் இரத்தத்தில் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. வலிமையான ஆன்டிபயாடிக்கான மெரோபெனெம் உட்பட அறிக்கையில் இருந்த எல்லா மருந்துகளுக்கும் நேரே 'எதிர்ப்பு' என்றே அச்சாகியிருந்தது. "தனித்தனியாகத் தோற்ற மருந்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சோதித்து, எந்த இணை வேலை செய்கிறது என்று ஆய்வகம் சொல்லிவிட்டால் நாங்கள் அதையே கொடுத்துவிடலாமே? செக்கர்போர்டு சோதனை என்று ஒன்று இருக்கும்போது அதை ஏன் ஒவ்வொரு நோயாளிக்கும் செய்வதில்லை?" என்பது அவர் கேள்வி. கோலாலம்பூரில் பாக்டீரியா ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இதே கேள்வியை மருத்துவர்களிடமிருந்து தொலைபேசியில் பலமுறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில்தான் அந்த அழைப்பு வரும். தங்கைக்கு எழுதும் பதில் இது.

சோதனையைச் செய்ய முடியும். கடினமான வேலையும் அன்று. ஆனால் அது தரும் எண், நீங்கள் கேட்கும் கேள்விக்கு விடையாக இருப்பதில்லை. இரண்டு மருந்துகள் சேரும்போது ஒவ்வொன்றின் தேவையும் எத்தனை மடங்கு குறைகிறது என்பதையே அந்த எண் சொல்கிறது. குறைந்துவந்த அந்த அளவை நோயாளியின் இரத்தத்தில் எட்ட முடியுமா என்று அது கேட்பதே இல்லை. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளச் சோதனை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை எம்.ஐ.சி. எனப்படும் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு. மருந்தை லிட்டருக்கு 64, 32, 16, 8, 4 மில்லிகிராம் என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், ஒவ்வொரு குழியிலும் ஒரே அளவு பாக்டீரியாவை, அதாவது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 5 லட்சம் என்ற கணக்கில் இட்டு, 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 16 முதல் 20 மணி நேரம் வைக்கிறோம். மறுநாள் கலங்கல் இல்லாத முதல் குழியின் செறிவே எம்.ஐ.சி. இங்கே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படிகள் இரட்டிப்பாக இருப்பதால், ஒரே பாக்டீரியாவை ஒரே கையால் இரண்டு நாள் சோதித்தாலும் விடை ஒரு படி மேலேயோ கீழேயோ நகர்வது இயல்பு. 8 என்று வந்தது மறுநாள் 4 ஆகவோ 16 ஆகவோ வந்தால் அதை யாரும் பிழையாகக் கருதுவதில்லை.

செக்கர்போர்டு என்பது இதே சோதனையை இரு திசைகளில் விரித்தது. 96 குழிகள் உள்ள தட்டில் எட்டு வரிசைகளும் பன்னிரண்டு நிரல்களும் உண்டு. ஒரு மருந்தை வரிசை வரிசையாகக் குறைத்தும் மற்றதை நிரல் நிரலாகக் குறைத்தும் வைத்தால், ஒவ்வொரு குழியிலும் அவ்விரண்டின் வெவ்வேறு கலவை அமையும். ஓர் ஓர வரிசையில் முதல் மருந்து மட்டும், ஓர் ஓர நிரலில் இரண்டாவது மருந்து மட்டும் இருக்கும். மூலைக் குழியில் மருந்தே இருக்காது. மறுநாள் காலை தட்டை ஒளிக்கு எதிரே பிடித்தால், கலங்கிய குழிகளுக்கும் தெளிந்த குழிகளுக்கும் இடையே படிக்கட்டு போல ஓர் எல்லை தெரியும். அந்த எல்லை மூலையை நோக்கி உட்குழிந்து வந்திருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று உதவியிருக்கின்றன என்று பொருள்.

அந்தக் குழிவை எண்ணாக்குவதுதான் எஃப்.ஐ.சி. குறியீடு. தெளிந்த ஒரு குழியில் முதல் மருந்து இருக்கும் செறிவை, அது தனியாக நின்றபோது தேவைப்பட்ட எம்.ஐ.சி.யால் வகுக்க வேண்டும். இரண்டாவது மருந்துக்கும் அவ்வாறே செய்து இரண்டு பின்னங்களையும் கூட்ட வேண்டும். கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக் தனியே 16, கலவையில் 2. மெரோபெனெம் தனியே 64, கலவையில் 8 என்றால் எட்டில் ஒன்றும் எட்டில் ஒன்றும் சேர்ந்து 0.25. கூட்டுத்தொகை 0.5 அல்லது அதற்குக் கீழே என்றால் சினர்ஜி எனப்படும் கூட்டாற்றல், 4க்கு மேலே என்றால் முரண்விளைவு, இடைப்பட்டது பெரும்பாலும் 'உதவியும் இல்லை, கெடுதலும் இல்லை' என்ற வகை.

ஏன் 0.5? நான் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குச் சொல்லும் வழி இது. இரண்டு மருந்துகளுக்குப் பதிலாக ஒரே மருந்தை இரண்டு புட்டிகளில் ஊற்றி, இரண்டு வெவ்வேறு மருந்துகள் என்று பாவனை செய்து தட்டை அமையுங்கள். பாதி அளவு இதிலிருந்தும் பாதி அளவு அதிலிருந்தும் சேர்ந்தால் ஒரு முழு எம்.ஐ.சி. ஆகிவிடும், ஆகவே குறியீடு 0.5 கூட்டல் 0.5, அதாவது 1. உதவியே செய்யாத, ஆனால் கூடுகிற மருந்துகளின் இயல்பான எண் 1 என்பது இதனால் விளங்கும். இப்போது மேலே சொன்ன ஒருபடி நகர்வை உள்ளே விடுங்கள். கலவையில் இரண்டு மருந்துகளும் ஒவ்வொரு படி கீழே தெரிந்தால் 0.25 கூட்டல் 0.25, அதாவது 0.5. ஆக 0.5 என்ற வரம்பு, தற்செயலான தடுமாற்றத்தின் விளிம்பிலேயே நிற்கிறது. அதற்கு மேலே இருக்கும் 0.6, 0.7 போன்ற எண்களைக் காட்டி 'ஓரளவு கூட்டாற்றல்' என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். 2003இல் ஜர்னல் ஆஃப் ஆன்டிமைக்ரோபியல் கீமோதெரபி இதழில் இந்த வரம்புகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும்படி எழுதப்பட்ட தலையங்கம் எழுப்பிய கவலையும் இதுவே.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. எல்லைக்கோட்டில் பல தெளிந்த குழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் எண் வரும். மிகக் குறைந்ததை எடுப்பவர்களும் உண்டு, எல்லாவற்றின் சராசரியை எடுப்பவர்களும் உண்டு. ஒரே தட்டு ஒருவரிடம் கூட்டாற்றலாகவும் இன்னொருவரிடம் ஒன்றுமில்லாததாகவும் முடியும். இரண்டு ஆய்வுகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடும் முன், எந்தக் குழியைக் கணக்கிட்டார்கள் என்று பார்ப்பது கட்டாயம்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஆய்வகம் என்பது தேவையில்லை. அசினெட்டோபாக்டர் என்ற மருத்துவமனைத் தொற்றுப் பாக்டீரியா ஒன்றுக்குக் கொலிஸ்டினும் மெரோபெனெமும் சேர்த்துத் தட்டு வைத்தோம். கொலிஸ்டின் தனி வரிசையில் 2இல் கலங்கல், 4இல் தெளிவு, 8இல் மறுபடி கலங்கல், 16இல் தெளிவு. நடுவில் ஒரு குழி தாவியிருந்தது. நான் 16 என்று படித்தேன். கலவையில் கொலிஸ்டின் 2, மெரோபெனெம் 16. மெரோபெனெமின் தனி எம்.ஐ.சி. 64. கணக்குப் போட்டால் 0.125 கூட்டல் 0.25, ஆக 0.375. அழகான கூட்டாற்றல் என்று மகிழ்ந்து மேலாளரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல், மூன்று நாள் மூன்று முறை திருப்பிச் செய்யச் சொன்னார். மூன்றிலும் கொலிஸ்டினின் தனி எம்.ஐ.சி. 4. கலவையின் அளவு மாறவே இல்லை, ஆனால் குறியீடு 0.5 கூட்டல் 0.25 என்று 0.75க்கு ஏறிவிட்டது. பாக்டீரியாவும் அதேதான், கலவையும் அதேதான். வகுக்கும் எண் மட்டுமே மாறியது. அன்றிலிருந்து யாராவது எஃப்.ஐ.சி. குறியீட்டைச் சொன்னால், தனி எம்.ஐ.சி.யை எத்தனை முறை எடுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

கொலிஸ்டின் விஷயத்தில் இப்படித் தாவும் குழிகள் அரிதல்ல. ஒரே காலனியிலிருந்து எடுத்தாலும், கோடிக்கணக்கான உயிரணுக்களுள் மிகச் சிலவே அதிக எதிர்ப்புடன் இருக்கும். அவற்றில் ஒன்று எந்தக் குழியில் விழுகிறதோ அங்கே மறுநாள் கலங்கல். அதோடு கொலிஸ்டின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் மருந்து. ஒட்டாமல் இருக்கப் பாலிசார்பேட் 80 என்ற சோப்புத்தன்மையுள்ள பொருளைச் சேர்க்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அந்தப் பொருளே கொலிஸ்டினுக்குக் கூட்டாளியாக வேலை செய்துவிடக்கூடும் என்பதால், அமெரிக்கத் தர அமைப்பான சி.எல்.எஸ்.ஐ.யும் ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்டும் 2016இல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையில் அதைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டன. கூட்டாற்றலைத் தேடும் சோதனையில் தெரியாமல் மூன்றாவது கூட்டாளி ஒருவர் நுழைந்துவிடுவார் என்பது வேடிக்கைதான். அதே பரிந்துரை, கொலிஸ்டினை மருந்து தோய்த்த காகித வட்டுகளாலோ, நீளவாக்கில் மருந்தின் செறிவு படிப்படியாக மாறும் சாய்செறிவுப் பட்டைகளாலோ சோதிக்க வேண்டாம், திரவ நீர்த்தல் முறையே சரி என்றது. பெரிய மூலக்கூறு, பாக்டீரியா வளர்க்கும் கூழான அகாரில் சரியாகப் பரவுவதில்லை. எனவே, இரண்டு சாய்செறிவுப் பட்டைகளைச் செங்குத்தாகக் குறுக்கே வைத்து அரைமணி வேலையில் கூட்டாற்றல் பார்க்கும் முறை கொலிஸ்டினுக்கு ஒத்துவராது. மற்ற மருந்துகளுக்குக்கூட அதை நான் முதல் வடிகட்டலாக மட்டுமே கருதுவேன்.

இனி, உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். குறியீடு ஒரு விகிதம் என்று பார்த்தோம். மெரோபெனெம் எம்.ஐ.சி. 256 இருக்கும் ஒரு கிளெப்சியெல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு துணை மருந்து சேர்ந்ததும் அது 64க்கு இறங்குகிறது. துணை மருந்தும் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. குறியீடு 0.5, புத்தகப்படி கூட்டாற்றல். ஆனால் 2 கிராம் மெரோபெனெமை எட்டு மணிக்கு ஒருமுறை மூன்று மணி நேரச் சொட்டாகக் கொடுத்தாலும், எம்.ஐ.சி. 8 வரையிலான பாக்டீரியாவுக்குத்தான் போதிய நேரம் போதிய செறிவு கிடைக்கும் என்று நம்பலாம். 64 என்பது எட்டாக்கனி. மறுபுறம் எம்.ஐ.சி. 16 இருப்பது, குறியீடு 0.75 மட்டுமே வரும் ஒரு கலவையில் 8க்கு இறங்கினால், அந்தக் 'கூட்டாற்றல் இல்லாத' இணை நோயாளிக்குக் கூடுதல் பயன் தரக்கூடும். கொலிஸ்டினிலும் அப்படியே. இரத்தத்தில் சராசரியாக லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பதே இலக்கு. அதைத் தாண்டினால் சிறுநீரகம் பாதிக்கப்படும் வாய்ப்பு ஏறுகிறது. கொலிஸ்டின் 8 தேவைப்படும் எந்தக் கலவையும், குறியீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், காகிதத்தோடு நிற்க வேண்டியதுதான். ஆகவே செக்கர்போர்டு தட்டைப் படிக்கும்போது நான் மூலையிலிருந்து கணக்கைத் தொடங்குவதில்லை. கொலிஸ்டின் 2, மெரோபெனெம் 8 என்று எட்டக்கூடிய வரம்புகளைப் பேனாவால் தட்டின் வரைபடத்தில் கோடிட்டு, அந்தச் சதுரத்துக்குள் தெளிந்த குழி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

அப்படியே குழி தெளிந்திருந்தாலும், தெளிவு என்பது வளர்ச்சி நின்றது என்பதற்கே சான்று. பாக்டீரியா இறந்ததற்கு அன்று. அதற்குத்தான் காலக்கொலைச் சோதனை. மருந்து கலந்த குடுவையிலிருந்து தொடக்கத்திலும், நான்கு மணி, எட்டு மணி, இருபத்து நான்கு மணியிலும் சிறிது எடுத்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்து அகாரில் பரப்பி, உயிரோடு இருப்பவற்றை எண்ணுகிறோம். தொடக்கத்தைவிட ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தால் கொல்லும் திறன். 24 மணியில் தனி மருந்துகளுள் சிறந்ததைவிடக் கலவை நூறு மடங்கு குறைவாகக் காட்டினால் கூட்டாற்றல். ஒரு பாக்டீரியாவுக்கு ஓர் இணையைப் பார்க்கவே இரண்டு மூன்று நாளும் அடுக்கடுக்கான தட்டுகளும் தேவை. வழக்கமான மருத்துவமனை ஆய்வகத்துக்கு இது கட்டுப்படியாகாது. ஆனால் செக்கர்போர்டு காட்டாத ஒன்றை இது காட்டும். கொலிஸ்டின் தனியாக இருக்கும் குடுவையில் முதல் நான்கு மணியில் எண்ணிக்கை தலைகீழாக விழும். மறுநாள் காலையில் பழைய அளவுக்கே ஏறியிருக்கும். முன்பு சொன்ன அந்தச் சில எதிர்ப்பு உயிரணுக்கள் பெருகிவிட்டிருக்கும். துணை மருந்து சேரும்போது அந்த மறுவளர்ச்சி தடைபடுவதைக் கண்ணாரக் கண்டால், கூட்டு மருந்தின்மேல் யாருக்கும் நம்பிக்கை வரும். எனக்கும் வந்தது.

நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள்தான் அந்த நம்பிக்கையைக் குலைத்தன. கொலிஸ்டினும் மெரோபெனெமும் ஆய்வகத்தில் அடிக்கடி கைகோக்கும் இணை. இஸ்ரேல், கிரீஸ், இத்தாலி மருத்துவமனைகளில் 406 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி, 2018இல் வெளியான எய்டா ஆய்வில், கொலிஸ்டின் மட்டும் பெற்றவர்களுள் 79 விழுக்காட்டினருக்கும், மெரோபெனெமும் சேர்த்துப் பெற்றவர்களுள் 73 விழுக்காட்டினருக்கும் சிகிச்சை தோற்றது. புள்ளியியலின்படி வேறுபாடு இல்லை. அவர்களுள் பெரும்பான்மையோருக்கு இருந்தது அசினெட்டோபாக்டர். பின்னர் வந்த ஓவர்கம் ஆய்வும் இதே இணையை எடுத்துக்கொண்டு, இதே முடிவுக்கு வந்தது. உங்கள் கேள்விக்கு இன்னும் நேரடியான விடை எய்டாவின் தொடர்ச்சியில் இருக்கிறது. அந்த நோயாளிகளின் பாக்டீரியாக்களையே செக்கர்போர்டில் சோதித்து, தட்டில் கூட்டாற்றல் காட்டியவர்கள் கூட்டு மருந்தால் கூடுதலாகப் பிழைத்தார்களா என்று பார்த்தார்கள். பிழைக்கவில்லை. இவற்றின் அடிப்படையில், கார்பபெனெம் (மெரோபெனெம் அடங்கிய மருந்து வகை) எதிர்ப்புள்ள அசினெட்டோபாக்டருக்குப் பாலிமிக்சினோடு (கொலிஸ்டின் அடங்கிய வகை) மெரோபெனெம் சேர்க்க வேண்டாம் என்று ஐரோப்பிய வழிகாட்டி 2022இல் அழுத்தமாகவே சொல்லிவிட்டது.

கொலிஸ்டினும் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினும் சேர்ந்த இணையின் கதை இன்னும் சுவையானது. பாக்டீரியாவின் வெளிச்சவ்வைக் கட்டிவைத்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் அயனிகளைக் கொலிஸ்டின் இடம்பெயர்க்கிறது. சாதாரணமாக உள்ளே நுழையத் தடுமாறும் பெரிய மூலக்கூறான ரிஃபாம்பிசினுக்கு அந்த விரிசல் வழியாகிறது. பொறிமுறை தெளிவு, ஆய்வக முடிவுகளும் ஏராளம். 2013இல் வெளியான இத்தாலிய ஆய்வில் 210 நோயாளிகள் பங்கேற்றார்கள். பாக்டீரியா உடலிலிருந்து மறைந்தது கூட்டு மருந்து பெற்றவர்களிடம் அதிகம்; முப்பது நாளில் இறந்தவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ சமம். மருந்து ஆய்வகம் சொன்னபடியே வேலை செய்தது, ஆனால் தீவிர சிகிச்சையில் இருப்பவரின் உயிரைத் தீர்மானிப்பது பாக்டீரியா மட்டும் அன்று என்றே நான் இதைப் படிக்கிறேன். மருந்து தாமதமாகத் தொடங்கியது, ஏற்கெனவே பழுதான உறுப்புகள், கொலிஸ்டின் இலக்குச் செறிவை எட்ட எடுத்துக்கொள்ளும் நேரம் என்று காரணங்கள் பல.

நீங்கள் சொல்லும் திட்டத்தையே, அதாவது ஆய்வகக் கலவைச் சோதனையைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுப்பதையே, நோயாளிகளிடம் சோதித்த ஆய்வும் ஒன்று உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயால் நுரையீரலில் பல மருந்து எதிர்ப்புப் பாக்டீரியாக்களோடு வாழும் 132 பேரைக் கொண்டு நடந்து, 2005இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான அறிக்கையை வைத்தும், மற்றவர்களுக்குக் கலவைச் சோதனை முடிவை வைத்தும் மருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. அடுத்த முறை நோய் முற்றும் வரையிலான காலத்தில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அந்நோய் நம் மக்களிடையே மிக அரிது. அவர்களுடைய நுரையீரலின் சளிப் படலத்தை இரத்தத்தில் இருக்கும் கிளெப்சியெல்லாவோடு நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் 'சோதித்துவிட்டுக் கொடுத்தால் மேலாக இருக்கும்' என்று எளிதாகக் கருதிவிட முடியாது என்பதை அது காட்டுகிறது.

அப்படியானால் கலவைச் சோதனையே வீண் என்று சொல்ல வரவில்லை. ஏன் உதவுகிறது என்பது முன்கூட்டியே தெரிந்த இணைகளில் அது உயிர் காக்கிறது. பழைய எடுத்துக்காட்டு எண்டரோகாக்கஸ். இதய வால்வில் அது தொற்றினால் பெனிசிலின் வகை மருந்து வளர்ச்சியை நிறுத்தும், ஆனால் எளிதில் கொல்லாது; ஜென்டாமைசின் தனியாக உள்ளே புகாது. செல் சுவரைப் பெனிசிலின் பழுதாக்கும்போது ஜென்டாமைசின் புகுந்து கொல்கிறது. 1940களின் இறுதியிலேயே, அப்போதிருந்த ஸ்ட்ரெப்டோமைசினைக் கொண்டு இது கண்டறியப்பட்டது. இந்த இணைக்கு நாங்கள் செக்கர்போர்டு வைப்பதில்லை. ஜென்டாமைசின் மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம் இருக்கும் ஒரே ஒரு குழியில் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்த்தால் போதும். வளர்ந்தால், உள்ளே புகுந்தாலும் அதற்குப் பயன் இல்லை, இணை தோற்கும். கேள்வி கூர்மையாக இருந்தால் சோதனையும் ஒரு குழிக்குள் அடங்கிவிடுகிறது.

இன்றைய எடுத்துக்காட்டு உங்கள் நோயாளிக்கே பொருந்தக்கூடியது. மலேசியாவில் கார்பபெனெம் எதிர்ப்புள்ள குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலும் காணப்படுவன, மருந்தை உடைக்கும் என்.டி.எம்., ஆக்சா-48 வகை நொதிகள். என்.டி.எம். துத்தநாகத்தை வைத்து வேலை செய்யும் நொதி; பெனிசிலின், மெரோபெனெம் அடங்கிய பீட்டா-லாக்டாம் குடும்பத்தின் ஏறத்தாழ எல்லா மருந்துகளையும் உடைக்கும், அதே குடும்பத்தின் அஸ்ட்ரியோனாமை மட்டும் உடைக்காது. அப்படியிருந்தும் அறிக்கையில் அஸ்ட்ரியோனாமுக்கு நேரே 'எதிர்ப்பு' என்று வருவதற்குக் காரணம், அதே பாக்டீரியாவில் கூடவே இருக்கும் ஈ.எஸ்.பி.எல். போன்ற வேறு நொதிகள் அதை உடைப்பது. அந்த வேறு நொதிகளை அவிபாக்டாம் முடக்கும், என்.டி.எம்.மை அது தொடாது. எனவே செஃப்டாசிடிம்-அவிபாக்டாம் என்ற கூட்டு மருந்தும் அஸ்ட்ரியோனாமும் தனித்தனியே தோற்று, சேர்ந்தால் வெல்கின்றன. இங்கே செஃப்டாசிடிம் வெறும் பயணி. வேலை செய்வது அவிபாக்டாமும் அஸ்ட்ரியோனாமும். அவை இரண்டையும் ஒரே மருந்தாகச் சேர்த்ததற்கு ஐரோப்பா 2024இலும் அமெரிக்கா 2025இலும் ஒப்புதல் அளித்தன.

இதற்கான சோதனை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. நான்கு குழாய்களில் வளர்ப்புக் கரைசல். ஒன்றில் அஸ்ட்ரியோனாம் வட்டு, ஒன்றில் செஃப்டாசிடிம்-அவிபாக்டாம் வட்டு, ஒன்றில் இரண்டும், ஒன்றில் எதுவுமில்லை. வட்டிலிருந்து மருந்து கரைந்து இறங்கச் சிறிது நேரம் விட்டு, பாக்டீரியாவைச் சேர்த்து இரவு முழுவதும் வைக்கிறோம். மறுநாள் இரண்டும் இருந்த குழாய் மட்டும் தெளிவாக இருந்தால் கொடுக்கலாம் என்று சொல்லும் துணிவு வருகிறது. சி.எல்.எஸ்.ஐ. ஏற்றுக்கொண்ட முறை இது. வட்டுகள் பல ஆய்வகங்களில் இருக்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இதில் கவனிக்க வேண்டியது, குழாயில் இருக்கும் செறிவு நோயாளியின் உடலில் எட்டக்கூடிய அளவில் முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது. விகிதம் கணக்கிடும் வேலையே இல்லை. எட்டக்கூடிய அளவில் வளர்ச்சி நிற்கிறதா என்ற கேள்வி மட்டும்தான்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு மருந்தையும் சேர்ப்பதில் கெடுதல் இல்லை என்று மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். 1951இல் அமெரிக்காவில் நிமோகாக்கஸ் மூளையுறை அழற்சி நோயாளிகளுக்குப் பெனிசிலினோடு குளோர்டெட்ராசைக்ளினும் சேர்த்துக் கொடுத்தபோது, பெனிசிலின் மட்டும் பெற்றவர்களைவிட மிகக் கூடுதலானவர்கள் இறந்தார்கள். வளரும் உயிரணுவைத்தான் பெனிசிலின் கொல்லும். டெட்ராசைக்ளின் வகையோ வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. கொலிஸ்டினோடு ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைக்கோசைடு மருந்தைச் சேர்த்தால் சிறுநீரகம் இரு பக்கமும் அடி வாங்கும் என்பதை மருந்தாளுநரான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொலிஸ்டினின் மதிப்பு நாட்டு அளவிலும் உணரப்பட்டிருக்கிறது. கொலிஸ்டின் எதிர்ப்பைப் பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குக் கடத்தும் தாவும் மரபணுவான எம்.சி.ஆர்-1 சீனாவில் கண்டறியப்பட்டது 2015இன் இறுதியில் அறிவிக்கப்பட்டது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கு மலேசியா 2019 ஜனவரி முதல் கொலிஸ்டினைத் தடை செய்தது. பண்ணையில் காத்த மருந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆதாரமில்லாத இணைகளில் செலவழிப்பதை நான் விரும்புவதில்லை. காசநோய்க்கு நான்கு மருந்து கொடுக்கிறோமே என்று கேட்பார்கள். அங்கே நோக்கம் கூட்டாற்றல் அன்று, ஒன்றுக்கு எதிர்ப்புள்ள உயிரணுவை மற்றது கொன்றுவிட வேண்டும் என்பது. மாதக்கணக்கில் நீளும் சிகிச்சைக்கு அது பொருந்தும். பத்து நாள் சிகிச்சைக்கு அதே தர்க்கத்தை அப்படியே எடுத்துவர முடியாது.

நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். இரத்தத்திலிருந்து பாக்டீரியா வளர ஒருநாள், இனங்கண்டு மருந்துணர்வு பார்க்க இன்னொரு நாள், அதன்பின் செக்கர்போர்டுக்கு ஓர் இரவு, நம்பத்தக்கதாக்க மேலும் இரு முறை. இரத்தத் தொற்றில் முதல் மூன்று நாளே விதியை எழுதிவிடுகிறது. எனவே நூற்றுக்கணக்கான குழிகளைவிட, சரியான இரண்டு மூன்று தகவல்கள் இரண்டாம் நாளில் கிடைப்பதே நோயாளிக்கு உதவும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஆய்வகத்திடம் இவற்றைத்தான் கேட்பேன். முதலாவது, நொதியின் பெயர். என்.டி.எம்.மா, ஆக்சா-48ஆ, கே.பி.சி.யா என்பதைச் சில நிமிடங்களில் காட்டும் அட்டைச் சோதனைகள் இன்று உண்டு. ஆக்சா-48 அல்லது கே.பி.சி. மட்டும் என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டாமே போதுமாக இருக்கலாம். இணையைத் தேடவே தேவையில்லை. அடுத்தது, மெரோபெனெமின் உண்மையான எம்.ஐ.சி. தானியங்கிக் கருவி '16 அல்லது அதற்கு மேல்' என்று நிறுத்திக்கொண்டால், அது 16ஆ 256ஆ என்று திரவ நீர்த்தலில் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். கூட்டு மருந்தின் தலையெழுத்து அந்த எண்ணில் இருக்கிறது. கொலிஸ்டினுக்கு வந்த விடை எந்த முறையில் வந்தது என்பதையும் கேளுங்கள். பட்டையில் வந்தது என்றால் அதை நம்பி மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய அறிக்கையில் நொதியின் பெயர் இல்லை, மெரோபெனெமுக்கு நேரே எண்ணும் இல்லை. இரத்தத்தில் வளர்ந்த பாக்டீரியாவைப் பெரும்பாலான ஆய்வகங்கள் உறையவைத்து எடுத்துவைத்திருக்கும். நாளைக் காலை அழைத்து அதை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். என்.டி.எம். என்று தெரிந்தால், அன்று மாலையே அந்த நான்கு குழாய்களையும் வைத்துவிடலாம்.